சபை இல்லாத இரண்டு வருஷம் நமக்கு ஏன் வலிக்கல?

2023 மார்ச் 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு இலங்கையின் 340 உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நாள் காலையில் வரிப்பத்தான்சேனையில் என்ன மாறியது? ஒன்றுமே மாறவில்லை. சுபஹுக்குப் பாங்கு சொன்னாங்க, தேத்தண்ணிக் கடை திறந்தது, வயலுக்குப் போறவங்க போனாங்க. நோன்பு வர நாலு நாள்தான் இருந்தது. எல்லாருடைய யோசனையும் அதில்தான். நேற்று வரைக்கும் மெம்பராக இருந்தவரை அன்றைக்கும் "மெம்பர்" என்றுதான் கூப்பிட்டோம். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அந்த மெம்பருக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது, அது இரவோடு இரவாக இல்லாமல் போய்விட்டது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வரிப்பத்தான்சேனை மட்டும் என்றில்லை. இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை எங்கும் இதே கதைதான்.

திகதிகளை ஒருக்காச் சரியாகப் பார்ப்போம். மார்ச் 9 வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். திறைசேரியில் காசு இல்லை என்றார்கள். ஏப்ரல் 25 என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. மெம்பர்கள் வீட்டுக்குப் போக, சபைகள் செயலாளர்கள் கையில் போயின. 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு 2025 மே 6இல்தான் வாக்குப் போட்டோம். ஜூன் 2இல் புதிய சபைகளின் காலம் தொடங்கியது. மொத்தமாக இரண்டு வருஷமும் இரண்டரை மாதமும்.

இந்தக் காலத்தில் வழக்குப் போட்டது யார்? எதிர்க்கட்சிகள், பெப்ரல், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். எல்லாம் கொழும்பு. நம்மட பக்கத்தில் யாராவது ஒரு பெனர் பிடித்தோமா? ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு கூட்டமாவது நின்றோமா? பலஸ்தீனத்துக்காக நின்றோம். அது கட்டாயம் நிற்க வேண்டிய விஷயம், நின்றது சரி. ஆனால் நம்மட வாக்கை நம்மட வளவுக்குள்ளேயே வந்து எடுத்துக்கொண்டு போனபோது ஒரு சத்தமும் வரவில்லை.

"2022இல பெற்றோல் வரிசையில கிடந்த நாடு, அதுக்குள்ள எலக்சனா?" என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். பசி இருக்கும்போது வரும் நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பசியைக் கொண்டு வந்ததே கேள்வி கேட்கப்படாத செலவுகள். கேள்வி கேட்கிற கதிரைகளைக் காலியாக்கிவிட்டுப் பசியைத் தீர்க்கலாம் என்பது வைத்தியரை அனுப்பிவிட்டு நோயைக் கட்டிக்கொண்டு இருப்பது மாதிரி.

சபை போனது நமக்கு ஏன் வலிக்கவில்லை? இவ்வளவு நாளும் சபையிடமிருந்து நாம் எதையும் எதிர்பார்த்ததில்லை என்பதுதான் என்னுடைய பதில். நாம் எதிர்பார்த்தது மெம்பரிடம். மெம்பரிடம் எதிர்பார்த்ததும் ஒரு மெம்பர் செய்ய வேண்டிய வேலை கிடையாது. இதை விளங்க ஒரு மெம்பரின் ஒரு கிழமையைப் பார்க்க வேண்டும். கீழே சொல்வது ஒரு தனி ஆளுடைய டயரி இல்லை. உங்களுடைய வட்டாரத்து மெம்பரிடம் போய் வாசித்துக் காட்டுங்கள், எத்தனை சரி என்று அவரே சொல்வார்.

திங்கட்கிழமை காலையிலேயே வாசலில் ஆள். அஸ்வெசும லிஸ்டில் பெயர் வரவில்லை, டீஎஸ் ஒபிஸில் ஒரு சொல் சொல்ல வேண்டும். மெம்பர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறார். அங்கே உள்ள உத்தியோகத்தர் மரியாதையாகக் கதிரை கொடுப்பார், தேத்தண்ணி கொடுப்பார், "பாப்பம் மெம்பர்" என்பார். அவர் வேறு எதுவும் சொல்ல முடியாது. அஸ்வெசும பிரதேச சபையின் வேலை கிடையாது.

செவ்வாய்க்கிழமை லைட். "மெம்பர், நம்மட ஒழுங்கைல லைட் பத்துதில்ல, எத்தின நாளாச் சொல்ற?" வீதி விளக்கு சபையின் வேலைதான். ஆனால் அது எழுத்தில் முறைப்பாடு வாங்கி, வரிசைப்படி ஆள் அனுப்பிச் செய்கிற வேலை. நாம் அதை மெம்பர் ஏணிக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிற வேலையாக ஆக்கி வைத்திருக்கிறோம். அன்று இரவு பேஸ்புக்கில் போஸ்ட் வரும். கீழே நாற்பது "மாஷா அல்லாஹ்". அதற்கும் கீழே ஒருத்தர், "எங்கட ஒழுங்கைக்கு எப்ப மெம்பர்?"

புதன்கிழமை பாடசாலை அபிவிருத்திக் கூட்டம். வியாழன், குடிநீர்க் குழாய் உடைந்ததற்கு நீர் வழங்கல் அதிகார சபைக்கு ஓட்டம். அன்றிரவே வயலுக்குள் யானை. யானை வெடி எங்கே என்று வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போன் அடிக்க வேண்டியதும் மெம்பர்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் அரை மணித்தியாலம் நின்றால் ஏழெட்டு முறைப்பாடு. சனிக்கிழமை இரண்டு வலிமா, ஒரு ஜனாஸா. ஜனாஸாவுக்குப் போகாத மெம்பருக்கு அடுத்த முறை வாக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கழகத்துப் பிள்ளைகளின் கிரிக்கெட் பைனல். கப்பும் அவர் வாங்கித் தர வேண்டும், ஜேர்சிக்கு ஸ்பொன்சரும் அவரே தேடித் தர வேண்டும்.

இதற்கிடையில் மாதத்தில் ஒரு நாள் சபை அமர்வு. அதற்கு அவர் போவார். கையொப்பம் வைப்பார். அதற்கு முதல் இரவு நிகழ்ச்சி நிரலை வாசிக்க நேரம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பிரேரணையை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று எந்தக் கல்யாண வீட்டிலும் பேச்சு வருவதில்லை.

அந்த ஏழு நாளையும் திருப்பி எண்ணிப் பாருங்கள். அஸ்வெசும பிரதேச செயலகத்துக்குரியது. பாடசாலை கல்வித் திணைக்களத்துக்கு. குழாய் நீர் வழங்கல் அதிகார சபைக்கு. யானை வனஜீவராசிகளுக்கு. சபைக்குரியது லைட் ஒன்றுதான். மற்றதெல்லாம் அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுகிற வேலை. அதில் மெம்பருக்கு அதிகாரமும் இல்லை, பொறுப்பும் இல்லை. நடந்தால் அவருக்குப் பெயர், நடக்காவிட்டால் அந்த ஒபிஸுக்குப் பழி. தோல்வியே வராத இப்படியொரு வேலையை எந்த மனுசன் விடுவான்?

மெம்பர் உண்மையில் எதற்கு இருக்கிறார்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அதைச் சொல்கிறது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், மக்களுடைய வசதியும் நலனும். தமிழில் பிரித்துச் சொன்னால் குப்பை, வடிகான், ஊருக்குள் இருக்கிற வீதி, சந்தை, மடுவம், நூலகம், மையவாடிப் பாதை, விளையாட்டு மைதானம், கட்டட அனுமதி, கடை அனுமதிப்பத்திரம். இதற்கெல்லாம் உபவிதி எழுதுகிற அதிகாரமும் அந்தச் சபைக்கு இருக்கிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சூழல் என்று குழுக்கள் அமைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே வரவு செலவுத் திட்டம். அடுத்த வருஷம் எந்தக் காசு எங்கே போக வேண்டும் என்று கையை உயர்த்துகிற அந்த ஒரு நாள்தான் மெம்பருடைய பதவியின் உயிர்.

அந்தக் கைக்கு என்ன பலம் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் யாழ் மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றது. மேயர் பதவியே போனது. அதற்குப் பின்னால் கட்சிச் சண்டை இருந்தது என்பது வேறு கதை. ஒரு சாதாரண உறுப்பினரின் கை உயர்ந்தால் மேலே உள்ள கதிரை ஆடும் என்பது மட்டும் பொய்யில்லை. டீஎஸ் ஒபிஸில் கதிரையும் தேத்தண்ணியும் மட்டும் கிடைக்கிற அதே மனுசனுக்குச் சபைக்குள் இவ்வளவு பலம் இருக்கிறது. நாமோ அவரை அந்த மண்டபத்துக்குள் போகவிடாமல் வருஷம் முழுக்க வெளியே ஓட விடுகிறோம்.

இப்போது குப்பைக்கு வருவோம். அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பள்ளக்காடு உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அந்தப் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். குப்பை மேட்டில் யானைக் கூட்டம் நின்று பிளாஸ்டிக் பைகளைக் கிண்டித் தின்னுகிற போட்டோ. 2022 ஜனவரியில் அது உலகம் முழுக்கப் போனது. ஏபி செய்தி நிறுவனம் எழுதியது இதுதான்: எட்டு வருஷத்துக்குள் சுமார் 20 யானைகள் அந்த மேட்டில் பிளாஸ்டிக் தின்று செத்திருக்கின்றன. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே வருகிறது. மேட்டைச் சுற்றிப் போட்டிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, அதற்குப் பிறகு திருத்தப்படவே இல்லை.

நாம் அந்தப் போட்டோவை ஷெயார் பண்ணினோம், "பாவம் யானை" என்று எழுதினோம். அந்தப் பிளாஸ்டிக் பை எங்கே இருந்து போனது? நம்மட கடைச் சாமான் பை, நம்மட கந்தூரிச் சாப்பாட்டுப் பார்சல், நம்மட வலிமாத் தண்ணிப் போத்தல். அதே யானை இரவில் வயலுக்குள் வந்தால் வெடி கேட்டு மெம்பருக்குப் போன் அடிக்கிறோம். பகலில் சாப்பாடு போட்டுப் பழக்குவதும் நாம், இரவில் விரட்டச் சொல்வதும் நாம்.

ஒரு மெம்பர் ஏணிக்குக் கீழே நின்று இதைத் தீர்க்க முடியாது. குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்க வேண்டுமானால் உபவிதி வேண்டும். பசளை செய்ய இடமும் காசும் வேண்டும். வேலி திருத்த வேண்டுமானால் பல சபைகள் ஒன்றாக உட்கார்ந்து, யார் எவ்வளவு தருவது என்று முடிவு எடுத்து, தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. எட்டு வருஷமாக எழுதப்படாத அந்த வரியை எந்த அமர்வில் யார் கேட்டார்கள்? நம்மில் யாராவது நம்மட மெம்பரிடம் அதைக் கேட்டோமா? லைட்டைக் கேட்டோம். லைட் கிடைத்தது.

இன்னொரு திகதியையும் சொல்ல வேண்டும். எழுதக் கை நடுங்குகிற திகதி. 2024 நவம்பர் 26. காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியை மேவிப் பாய்ந்துகொண்டிருந்தபோது மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரம் கவிழ்ந்தது. எட்டுப் பேர் மவுத்தானார்கள், பெரும்பாலானவர்கள் பிள்ளைகள். அது பிரதேச சபை வீதியில்லை, பிரதான வீதி. சபை இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது, அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். நான் சொல்வது அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி. அந்த வீதியை ஏன் நேரத்தோடு மூடவில்லை, எந்த ஒபிஸ் எந்த ஒபிஸுக்கு அறிவித்தது, அடுத்த மாரிக்கு என்ன ஏற்பாடு என்று எழுந்து நின்று கேட்டு, கேட்டதைக் கூட்டறிக்கையில் பதிய வைக்க மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒரு உள்ளூர் மேடை இந்தக் கரையோரம் முழுக்க அன்றைக்கு இருக்கவில்லை. பிரதேச சபை 2023 மார்ச்சோடு போய்விட்டது. கிழக்கு மாகாண சபை அதற்கும் முன்னால் 2017 செப்டம்பர் கடைசியோடு போனது, இன்னும் அதற்குத் தேர்தல் வரவில்லை. ஊர் அழுதது, அனுதாப போஸ்டர் ஒட்டியது, பெரியவர்கள் வந்து போனார்கள். கேள்விகள் தேத்தண்ணிக் கடையிலேயே கிடந்து ஆறிப்போயின.

சபை என்பது இப்படியான நாளுக்குத்தான். லைட்டுக்கு ஒரு எலெக்ரீஷியன் போதும்.

சபையே இல்லாமல் போனாலும் கவலைப்படாத நாம், சபையின் எல்லைக்காக மட்டும் உயிரை விடுவோம். கல்முனையைப் பாருங்கள். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று வருஷக் கணக்கில் போராட்டம், கடையடைப்பு. 2018 தேர்தலில் பள்ளியின் ஆதரவோடு சுயேச்சைக் குழு இறங்கி, பெரிய கட்சிகளை ஊருக்குள் மண் கவ்வ வைத்தது. 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கு வர்த்தமானி வந்தது, அதே மாதத்திலேயே இடைநிறுத்தப்பட்டது. இன்னொரு பக்கம் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக 2019இல் தமிழ் மக்களின் உண்ணாவிரதம், அதற்கு எதிராக முஸ்லிம்களின் சத்தியாக்கிரகம். எல்லாம் முடிந்து 2025 மே 6இல் நாடு வாக்குப் போட்டபோது, வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் அன்றைக்கு வாக்கெடுப்பே இல்லை. எல்லையைப் பற்றி இவ்வளவு சண்டை பிடித்த ஊருக்கு, எல்லைக்குள் இருக்க ஒரு சபை இல்லை!

சாய்ந்தமருதின் கோரிக்கை பிழை என்று நான் சொல்ல வரவில்லை. தன் காசைத் தானே செலவழிக்க ஆசைப்படுவது எந்த ஊருக்கும் உரிமை. தமிழ் மக்களின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, முஸ்லிம் மக்களின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் "நமக்கொரு சபை" என்று ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு இறங்குகிற நாம், அந்தச் சபை கூடுகிற நாளில் பார்வையாளர் வாங்கில் பத்துப் பேராவது போய் இருந்தோமா? சபை கிடைத்ததும் அதைக் கட்சிக்காரன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பதென்றால் எதற்கு அந்தப் போராட்டம்?

"சபைக்கு என்ன அதிகாரம் இருக்குது தம்பி? காசு இல்ல. எல்லாத்தையும் கொழும்புலயும் ஆளுநர் ஒபிஸ்லயும்தானே முடிவெடுக்காங்க" என்று மெம்பர்மார் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. நிரந்தர ஊழியரின் சம்பளம் பெரும்பாலும் மேலே இருந்து வருகிறது, அதனால் ஊழியரும் மேலேதான் பார்க்கிறார்கள். இறக்காமத்தில் 2016 ஒக்டோபரில் மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைத்தபோது அது பிரதேச சபை தீர்க்கிற அளவுப் பிரச்சினையாக இருக்கவில்லை, ஊர் அமைச்சர்களைத்தான் தேடி ஓடியது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மறு பாதி சாக்கு. முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், கடை வாடகை, அனுமதிக் கட்டணம், ஆதன வரி என்று சபைக்கும் ஒரு கொட்டப்பெட்டி இருக்கிறது. அது சின்னக் கொட்டப்பெட்டி. சின்னது என்றபடியால்தான் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று பார்ப்பது லேசு. நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்க ஒரு பொருளியல் பட்டம் வேண்டும். பிரதேச சபையின் திட்டத்தைப் படிக்க ஏ.எல். கொமர்ஸ் படித்த ஒரு பிள்ளையும் ஒரு பின்னேரமும் போதும். மாயக்கல்லியைத் தீர்க்க முடியாத சபையால் மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள கானைத் துப்புரவாக்க முடியும். இரண்டாவதைச் செய்யாமல் விட்டதற்கு முதலாவதைக் காரணமாகச் சொல்ல நாம் விடக்கூடாது.

பெண்களையும் சொல்லாமல் முடிக்க முடியாது. உள்ளூராட்சியில் 25 வீதம் பெண்கள் என்ற சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது 2018 தேர்தலில். அதற்கு முன்னால் நாடு முழுக்க இரண்டு வீதம்கூட இல்லாதவர்கள், அந்த ஒரு தேர்தலோடு இருபது வீதத்தைத் தாண்டினார்கள். சபைகளின் மொத்த உறுப்பினர் தொகையும் நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு மேலே போனது. நம்மட பக்கத்தில் பெண்களில் அதிகமானவர்கள் பட்டியல் வழியாக உள்ளே போனார்கள். போனதும் நாம் என்ன செய்தோம்? "பட்டியல் மெம்பர்" என்று பெயர் வைத்தோம். பிரச்சினை சொல்ல அவருடைய மாப்பிள்ளையைத் தேடிப் போனோம். சரி, அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஜனாஸா வீட்டு முற்றத்தில் நிற்கச் சொல்லாத, கிரிக்கெட் கப்புக்குத் தேடாத, நடுச்சாமத்தில் யானைக்குக் கூப்பிடாத ஒரு மெம்பர் அவர். ஓடித் திரிகிற வேலையை அவருக்கு ஊர் கொடுக்கவில்லை. சட்டம் சொன்ன வேலைக்கு நேரம் இருக்கிறவர் அவர்தான். பைலைப் படிக்கவும், உபவிதி கேட்கவும், பாலர் பாடசாலைக்குப் பக்கத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தப் பிரேரணை போடவும் ஊரில் ஒரு ஆள் இருக்கிறார். நாம் அவரிடம் வேலை கேட்கவில்லை.

கேட்கிற பழக்கம் வேறு இடங்களில் எப்படி வந்தது? கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்று ஒரு இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் திட்டக் காசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூர்ச் சபைகளிடம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டாரத்துக்கு வட்டாரம் கிராம சபைக் கூட்டம் கூட வேண்டும் என்பது அங்கே சட்டம். தமிழ்நாட்டிலும் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் என்று நாள் குறித்துக் கிராம சபை கூட்டுகிறார்கள். அங்கெல்லாம் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு ஆள் வராத ஊரும் இருக்கும், வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்குகிற ஊரும் இருக்கும். ஆனாலும் தலைவர் மக்களுக்கு முன்னால் வந்து கணக்குச் சொல்ல வேண்டிய ஒரு நாள் கலண்டரில் இருக்கிறது. நம்மட கலண்டரில் அப்படியொரு நாள் இல்லை. மெம்பர் மக்களைச் சந்திப்பது ஒவ்வொருத்தராக, வீட்டு வாசலில், ஒவ்வொரு தனி உதவிக்கு. பத்துப் பேருக்கு முன்னால் கேட்டால் அது கேள்வி. தனியாகப் போய்க் கேட்டால் அது பிச்சை.

ஆகவே இளைஞர்களுக்கு, குறிப்பாக வட்ஸ்அப் குறூப்பில் மெம்பரைக் கலாய்த்து மீம் போடுகிற நம்மட தலைமுறைக்கு நான் சொல்ல வருவது கொஞ்சம் சலிப்பான வேலை. சலிப்பானது என்பதால்தான் இதுவரை யாரும் செய்யவில்லை.

ஒன்று, சபை அமர்வு நடக்கும் நாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு நாள்தான். அனுமதி கேட்டு, இரண்டு பேராகப் போய்ப் பின்வாங்கில் இருங்கள். சத்தம் போட வேண்டாம், லைவ் போட வேண்டாம். யார் வந்தார், யார் வரவில்லை, யார் என்ன கேட்டார், எந்தப் பக்கம் கையை உயர்த்தினார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் ஊர் குறூப்பில் போடுங்கள்.

இரண்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவார்களா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். கூட்டறிக்கையைக் கேளுங்கள். கடந்த வருஷம் குப்பைக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். சபையே இல்லாத அந்த இரண்டு வருஷத்தில் எந்த வீதிக்கு எவ்வளவு போனது, யார் தீர்மானித்தது என்றும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

மூன்று, வருஷக் கடைசியில் வரவு செலவுத் திட்ட நகலைச் சபையில் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அந்த அறிவித்தலைக் கண்டால் போய்ப் பாருங்கள். வாக்கெடுப்புக்கு முதல் உங்கள் வட்டார மெம்பரைப் பள்ளியிலோ பாடசாலை மண்டபத்திலோ ஒரு மணித்தியாலம் கூப்பிட்டு, "இதுல நம்மட வட்டாரத்துக்கு என்ன இரிக்கி, நீங்க எதுக்குக் கை தூக்கப் போறீங்க?" என்று எல்லாருக்கும் முன்னால் மரியாதையாகக் கேளுங்கள். கிரிக்கெட் பைனலுக்கு அவரைக் கூப்பிட உங்களால் முடிந்தது, இதற்கும் முடியும்.

நாலாவதுதான் கஷ்டமானது. அவரை அஸ்வெசுமவுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்களே போய் மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்புங்கள், நிரப்பத் தெரியாத பெரியம்மாவுக்கு நீங்களே நிரப்பிக் கொடுங்கள். குழாய் உடைந்தால் நீர் வழங்கல் ஒபிஸுக்கு நீங்களே எழுதுங்கள். மெம்பருடைய திங்களையும் வியாழனையும் அவருக்குத் திருப்பிக் கொடுப்போம். நேரம் இல்லை என்ற சாக்கை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள அதுதான் வழி.

இதையெல்லாம் செய்தால் நல்ல மெம்பருக்கு உதவியாக இருக்கும். ஏனென்றால் நல்ல மெம்பரும் இருக்கிறார்கள். அமர்வில் எழுந்து கேள்வி கேட்டு, பதில் வராமல், வீட்டுக்கு வந்தால் "லைட் எங்க மெம்பர்?" என்று கேட்கப்பட்டு, அடுத்த முறை தோற்றுப் போனவர்கள். அவர்களைத் தோற்கடித்தது நாம்தான். கூடாத மெம்பருக்கு இது தொந்தரவாக இருக்கும். இருக்கட்டும்.

திரும்பவும் அந்த 2023 மார்ச்சுக்கு வருகிறேன். எங்களிடமிருந்து ஒன்றை எடுத்தார்கள், எடுத்தது எங்களுக்கே தெரியவில்லை. தெரியாமல் எடுக்க முடிந்ததை இன்னொரு தடவையும் எடுப்பார்கள். காசு இல்லை என்பார்கள், எல்லை நிர்ணயம் முடியவில்லை என்பார்கள், வழக்கு இருக்கிறது என்பார்கள். மாகாண சபைக்கு 2017இலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். அடுத்த முறை சபைக் கதவைப் பூட்ட வருகிற நாளில் பின்வாங்கில் நாலு பிள்ளைகள் கொப்பியோடு இருந்தால், பூட்டுகிறவன் ஒருக்கா யோசிப்பான். அவன் யோசிக்காவிட்டாலும், பூட்டியது இந்தத் தடவை ஊருக்குத் தெரியும்.

அடுத்த அமர்வு என்றைக்கு என்று கேட்டீர்களா?